4 வருடம், 23 சாவு, ஒரு மீன்

போன வாரம் போனில் சார்ஜ் ஏறவில்லை. மன்னார்குடியில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைத் தம்பி ஊசியை விட்டு நோண்ட நோண்ட, உள்ளேயிருந்து நெல் சுணையாக வந்தது. கடைசியில் போர்ட்டையே மாற்ற வேண்டியதாகி 650 ரூபாய் ஆயிற்று. சரியாகிவிட்டதா என்று ஆன் செய்து பார்த்தவன், திரையில் திறந்து கிடந்த ஆன்லைன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “இது நல்லா இருக்குமாண்ணே? இறக்கலாமா?” என்று கேட்டான். வண்டியை இடைஞ்சலான இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன். “அப்புறம் சொல்றேன் தம்பி” என்று கிளம்பிவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

ஆட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓடக்காரக் கிழவி என்றதுமே விளையாடுகிறவர்களுக்குப் புரிந்துவிடும். எத்தனை ஜிபி, எந்தப் போனில் ஓடும் என்பதெல்லாம் இறக்கும் இடத்திலேயே போட்டிருக்கிறது.

நான் குட்டியானை ஓட்டுகிறேன். இந்தத் தொழிலில் பாதி ஓட்டம், பாதி காத்திருப்பு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டினால் ஒரு டெய்லி குவெஸ்டை, அதாவது ஆட்டம் அன்றன்றைக்குக் கொடுக்கும் வேலையை, முடித்துவிடலாம். இரண்டு ரயில் கிராசிங் என்றால் இரண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். பனி விழுந்தால் தார்ப்பாயைப் போட வேண்டும், வெயில் வந்தால் எடுக்க வேண்டும். நடுவில் தூங்கினால் போச்சு. நான்கு வருடமாக அந்த இரவுகளை இந்த ஆட்டத்தோடுதான் ஓட்டியிருக்கிறேன். அதனால் நான் சொல்வது இரண்டு நாள் ஆடிவிட்டுச் சொல்வது இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடி. இதை உருவாக்கினவர்களில் யாரோ ஒருவர் உண்மையிலேயே தூண்டில் போட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கிறார். பல ஆட்டங்களில் மீன் பிடிப்பது என்றால் பட்டனை அமுக்கு, மீன் வரும், அவ்வளவுதான். இதில் தக்கை அசைவதை வைத்தே எந்த மீன் என்று சொல்லலாம். கெண்டை மாதிரி ஒன்று இரண்டு தரம் கொத்திவிட்டு நிற்கும். விரால் மாதிரி ஒன்று தக்கையை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மழை பெய்தால் தண்ணீர் கலங்கி, மீனெல்லாம் கரை ஓரமாக ஒதுங்கும். ஆறு பிரியும் இடத்தில், மதகுக்குக் கீழே சுழல் அடங்கும் பக்கமாகத் தூண்டில் போட்டால்தான் பெரிய மீன் மாட்டும். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு பிரியும் இடத்துக்குச் சின்ன வயதில் என் மாமா கூட்டிக்கொண்டு போய் இதையேதான் சொல்லிக் கொடுத்தார். எங்கேயோ உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற ஆளுக்கு இது எப்படித் தெரியும் என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து, தண்ணீர் இங்கே வந்து சேரும்வரை எங்கள் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். அந்த மாதங்களில் நான் மீன் பிடித்ததெல்லாம் போனில்தான்.

அப்புறம் கிழவி. ஆற்றங்கரையில் ஓடம் விடுகிறவள். மகன் போனவன் திரும்பவில்லை. அவள் கதை 41 படி கொண்ட ஒரே நீளக் குவெஸ்ட். மீன் பிடித்துக் கொடுக்க வேண்டும், குழம்பு வைக்க வேண்டும், ஓட்டை அடைக்க வேண்டும், கடிதம் படித்துக் காட்ட வேண்டும். 38 படிவரை ஒரு அடிதடி கிடையாது. “20 தோல் கொண்டு வா, 30 பல் கொண்டு வா” என்று நாயாக அலையவிடும் குவெஸ்டுகள் இதிலும் உண்டு, அவற்றைப் பற்றிப் பேச நேரம் இல்லை. கிழவி கதை அப்படி இல்லை. ஒவ்வொரு படியிலும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறப்பாள்.

39-ஆம் படியில்தான் வினை.

மகனுக்குப் பிடித்த ஒரு மீனைக் கொண்டு வரச் சொல்வாள். அந்த மீன் சிவப்பு மண்டலத்தில் ஒரே ஒரு பாறைத்துறையில் மட்டும் கிடைக்கும். சிவப்பு மண்டலம் என்றால் பிவிபி. யார் யாரை வேண்டுமானாலும் வெட்டலாம். கேட்டுவிட்டு வெட்ட வேண்டும் என்பது இல்லை. தூண்டில் போட்டுவிட்டு 90 நொடி அசையக் கூடாது, அசைந்தால் மீன் போய்விடும். அதுவும் கடலைப் பார்த்து உட்கார வேண்டும். அதாவது, வெட்ட வருகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தப்பித்தவறி மீன் மாட்டிவிட்டாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டலத்தைத் தாண்டி வர வேண்டும். செத்தால் மீன் காலி, தூண்டிலும் காலி.

நான் 23 தடவை செத்தேன். டீசல் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு தடவை 88-ஆவது நொடியில். கொள்முதல் நிலையத்தில் டவர் ஒரு கோடுதான் காட்டும், சர்வர் சிங்கப்பூரில். பிங், அதாவது சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம், 300 மில்லிநொடியைத் தொட்டுவிட்டால், எதிராளி என்னை வெட்டியது எனக்குத் தெரிவதற்குள் நான் செத்து மூன்றில் ஒரு நொடி ஆகியிருக்கும். தைரியம், திறமை என்று பேசுகிறவர்கள் ஒரு தரம் இங்கே வந்து தார்ப்பாயில் உட்கார்ந்து ஆடிக் காட்டட்டும்.

தோற்றதற்காகக் கோபம் இல்லை. அந்த மீனால் வெட்டுகிறவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. விற்க முடியாது, சமைக்க முடியாது. என் குவெஸ்டுக்கு மட்டும்தான் அது மீன். எங்கள் பக்கம் தலைமடைக்காரன் பலகையை இறக்கித் தண்ணீரை அடைத்தால் கடைமடைக்காரன் சண்டைக்குப் போவான். ஆனால் அடைத்தவனும் தன் பயிருக்காகத்தான் அடைத்தான் என்பது அவனுக்குத் தெரியும். இங்கே ஒரு தலைக்கு ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்காகத்தான் இவ்வளவும். வாளோடு வருகிறவனை வெட்டினாலும் ஒரு புள்ளி, தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவனை வெட்டினாலும் அதே ஒரு புள்ளி. இப்படி எழுதி வைத்தால் எவன் வாளோடு வருகிறவனைத் தேடிப் போவான்?

எனக்கு இருக்கும் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மண்டலம் வந்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. நானே ஒரு நாள் சும்மா சுற்றிப் பார்த்தேன், ஆளே இல்லை. கிழவி குவெஸ்டுக்கு 39-இலிருந்து மேல் படிகள் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் அங்கே கூட்டம். ஓநாய்க்குத் தீனி வேண்டும் என்று ஆட்டுக்குட்டிக்கு அந்தப் பக்கமாக ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஆட்டத்துக்குள் நாங்கள் சேர்ந்து ஆடும் குழுவுக்கு கில்டு என்று பெயர். எங்கள் கில்டில் ஏழு பேர். அதில் ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் ஆன்லைன் ஆட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “இது இன்னைக்கு நேத்து வந்த வியாதி இல்லடா” என்று ஆரம்பித்தார். 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஊர் எல்லையைத் தாண்டினால் வெட்டுத்தான். புதிதாக வந்தவர்கள் வெட்டுப்பட்டே ஓடினார்கள். 2000-த்தில் உலகத்தையே இரண்டாக்கினார்கள்: பழையபடி வெட்டிக்கொள்ள பெலுக்கா, சம்மதம் இல்லாமல் தொட முடியாத டிராமல். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2018-இல் வார் மோடு என்று ஒரு சுவிட்சே வைத்தார்கள். போட்டுக்கொண்டால் கூடுதல் பரிசு, வேண்டாதவன் அணைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். ஜிடிஏ ஆன்லைனிலும் சரக்கு விற்க வேண்டுமென்றால் எல்லோரும் நுழையக்கூடிய பொது செஷனில், எவன் ராக்கெட் விடுவானோ என்று பயந்துகொண்டேதான் போக வேண்டியிருந்தது. 2022-இல்தான் தனி செஷனிலும் விற்க விட்டார்கள். மருந்து இருக்கிறது, கொடுக்க மனசு வேண்டும் என்றார் அண்ணன்.

அவரேதான் மறுபக்கத்தையும் சொன்னார், அதையும் எழுதுவதுதான் நியாயம். ரூன்ஸ்கேப் என்ற ஆட்டத்தில் 2007 டிசம்பரில் காட்டுப்பகுதியில் வெட்டிக்கொள்வதை எடுத்துவிட்டார்கள். நிம்மதி என்று எல்லோரும் கைதட்டவில்லை. பெரிய கலாட்டா ஆகி, 2011-இல் ஓட்டெடுப்பு வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பயமே இல்லாத காட்டில் நடக்கவும் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை.

ரிச்சர்ட் பார்ட்டில் என்று ஒருவர். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய மட் என்ற எழுத்து ஆட்டத்தில் சேர்ந்து வேலை செய்தவர். ஆடுகிறவர்களைச் சீட்டுக்கட்டை வைத்து நான்காகப் பிரித்து 1996-இல் எழுதினார். சொத்து சேர்க்கிறவன் டைமன், தோண்டித் துருவிப் பார்க்கிறவன் இஸ்பேட், பேசிப் பழக வருகிறவன் ஆட்டின், அடுத்தவனை அடிப்பதில் சுகம் காண்கிறவன் கிளாவர். கிளாவர் கூடிப்போனால் மற்றவர்கள் குறைந்துபோவார்கள் என்று அப்போதே சொல்லிவிட்டார். நான் இஸ்பேட். எங்கள் கில்டில் இருந்த கோலாலம்பூர் அக்கா ஆட்டின்.

அந்த அக்கா போய்விட்டார். 39-ஆம் படியில் ஒன்பது தடவை வெட்டுப்பட்டார். “வேல முடிஞ்சு வந்து மீன் புடிக்கத்தான் தம்பி இதுக்குள்ள வந்தேன், இங்கயும் அடி வாங்கவா?” என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து லாகின் இல்லை. கில்டில் சமையல் பொருளெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது குழம்பு வைக்க ஆள் கிடையாது.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை ஒன்பது மணிக் கோட்டைச் சண்டைக்கு நானும் போகிறேன், நன்றாகவே வெட்டுவேன். அங்கே வருகிறவன் எல்லோரும் தெரிந்தே வருகிறவன். ஒரு நாள், அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம் என்று பாறைத்துறைக்கு மேலே போய் நின்றேன். ஒருவன் வந்து உட்கார்ந்து தூண்டில் போட்டான். 60 நொடி வரை விட்டுவிட்டு இறங்கி வெட்டினேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். கீழே இறங்கிப் பார்த்தால், அவன் வைத்திருந்தது கடையில் இருப்பதிலேயே மலிவான தூண்டில். நல்லதெல்லாம் ஏற்கெனவே போயிருக்கும். அதற்குப் பிறகு நான் அந்தப் பாறைமேல் ஏறவில்லை.

போன ஐப்பசியில் ஒரு அப்டேட் வந்தது. குறையைக் கேட்டுவிட்டார்களாக்கும் என்று மழையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறக்கினேன். கொண்டு வந்தது ஒரு கவசம். அரை மணி நேரம் யாரும் தொட முடியாது, விலை 89 ரூபாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேமை அழித்துவிட்டேன். கூரையில் ஓட்டையைப் போட்டுவிட்டு, அடியில் வைக்கக் குண்டான் விற்கிறார்கள். நான்காம் நாள் மறுபடி இறக்கியது வேறு கதை. கவசம் மட்டும் வாங்கவில்லை.

தை மாதம், கொள்முதல் நிலையத்தில், 24-ஆவது தடவை கிடைத்தது. விடியற்காலை நாலு மணி இருக்கும். பாறைமேல் ஒருத்தரும் இல்லை. 90 நொடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கிழவியிடம் கொடுத்தேன். அப்புறம் 40, 41. அவள் அந்த மீனை என்ன செய்கிறாள் என்று எழுத மாட்டேன். பக்கத்துக் குவியலில் படுத்திருந்தவர் எழுந்து, “என்னா தம்பி, கண்ணுல தூசியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். நெல் சுணை என்று சொன்னால் அங்கே யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஏழு பேரில் அந்த முடிவைப் பார்த்தது நானும் மட்டக்களப்புத் தம்பியும் மட்டும்தான். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கும். போனில் கதையாகச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். சொன்னால் அது வேறு ஏதோ ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு நல்ல முடிவை எழுதத் தெரிந்தவர்கள், அதைக் கொண்டுபோய் அந்தப் பாறைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில்: இறக்காதே. மீன்பிடிக்குப் பத்துக்குப் பத்து, கிழவிக்குப் பத்துக்குப் பதினொன்று கொடுப்பேன், மொத்தமாகக் கேட்டால் மூன்று. கணக்கு இடிக்கிறது என்றால் இடிக்கட்டும்.

அப்படியும் இறக்கினால், 39-ஆம் படிக்கு விடியற்காலை மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் போ. மழை நாள் வேண்டாம், டவர் காலை வாரும். தெற்குப் பக்கப் பாறையிடுக்கில் உட்கார்ந்தால் மேலே நிற்கிறவனுக்குச் சீக்கிரம் தெரியாது. நல்ல தூண்டிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, மலிவானதில் இரண்டு எடுத்துக்கொண்டு போ.