வெல்டிங் கிளவுஸ், 14 அங்குலம் – மரநாய் பிடிக்க வாங்கியது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஞாயிறானால் ஏற்காடு. அடிபட்ட, வழிதவறிய காட்டுப் பிராணிகளை வனத்துறை ஆட்கள் மீட்கும்போது கூடமாட நிற்பேன். அதற்காக ஒரு ஹார்டுவேர் கடையில் 450 ரூபாய்க்கு இந்தத் தோல் கிளவுஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது.

பெரிய மரநாய்க்கு (புனுகுப்பூனை இனம்) இது நல்ல காவல். அதைப் பிடித்தால் கடிப்பதோடு விடாது, பின்னங்காலாலும் பிராண்டும். ஓட்டுக்கூரையில் இருந்து இறக்கிய ஒன்று என் சுண்டுவிரலைக் கவ்வியது. பல் உள்ளே இறங்கவில்லை, ஆனால் நசுங்கி இரண்டு நாள் கன்றிக் கிடந்தது. பாவம், அது வேறு எங்கே போகும்? சோலைக்காடு சுருங்கிவிட்டது. காபிக்கு நிழலாக நிற்பது ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த சில்வர் ஓக். பொந்து விழுந்த பழைய மரங்கள் அரிது. அத்தியும் கூந்தல்பனையும் தின்று, எச்சத்தில் விதை போட்டுக் காட்டை வளர்க்கிற பிராணி அது.

குரங்குக்கு மட்டும் இதை நம்பவே வேண்டாம், கோரைப்பல் அவ்வளவு நீளம். உங்கள் உடம்பில் லேசாகக் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

எனக்குப் பெரிய குறை வேறு. கொண்டை ஊசி வளைவில் வண்டி தட்டிவிட்ட ஒரு புள்ளி ஆந்தையை இந்த கிளவுஸோடு எடுத்தேன். என் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. கூட இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர், "அண்ணா, வாயத் தொறந்து தொறந்து மூடுது பாருங்க, பிடிய விடுங்க" என்றார். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. அந்த நெஞ்சைத்தான் நான் அழுத்திக்கொண்டிருந்தேன். கிளவுஸைக் கழற்றிவிட்டு, மெல்லிய துண்டில் வாங்கியதும் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது விரலில் தெரிந்தது. கொலுசில் ஒரு முத்து பிசகியிருந்தாலும் சொல்லிவிடுகிற விரல் இது. இந்தத் தோலுக்குள் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கட்டைவிரல் தையல் மூன்றாம் மாதமே விட்டுவிட்டது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை, நானே மெழுகு நூலில் தைத்தேன். தோல் என்பதால் மூத்திர வாடை போகாது, நனைத்துக் கழுவினால் விறைத்துப்போகிறது. ஒரு பிராணியின் வாடை அடுத்ததை மிரட்டும், அதனால் இரண்டு ஜோடி தேவை.

வளர்ந்த மரநாய்க்குத் தாராளமாக வாங்கலாம். குட்டிக்கும் பறவைக்கும் இதைப் போடாதீர்கள். ஆர்கான் வெல்டிங்குக்கு மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு கிளவுஸ் வருகிறது. அதில் ஒரு ஜோடி சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் போட்டுப் பார்த்து எழுதுகிறேன்.