நான்கு ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கொக்கிதான்

மேல் கீலைக் கழற்றி மாட்டி முடித்த சூட்டோடு எழுதுவதால் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பழைய குத்துவாள்களுக்கென்றே விற்கப்படும் சுவர்ப்பெட்டி இது: 900 × 600 மி.மீ., ஆழம் 120, முதுகு 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), கதவு 6 மி.மீ. டஃபன்டு கண்ணாடி. உள்ளே ஆறு கத்திகள்.

குறை சொல்ல முடியாதது கதவின் சிலிகான் பட்டை. நான்கு ஆண்டில் உள்ளே விரலால் தடவினால் தூசி இல்லை. பூட்டும் இறுக்கம் தளரவில்லை.

இனி கொக்கி. 3 மி.மீ. இரும்புக் கம்பியை எல் வடிவில் வளைத்து, மேலே கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டில் அது பிசுபிசுத்துவிட்டது. பிச்சுவாவைத் தூக்கினால் ஒட்டிக்கொண்டு வந்து, பிறகுதான் விடுகிறது. பித்தளைப் பிடியில் கொக்கி தொட்ட இடத்தில் மட்டும் நகக்கண் அகலத்துக்குப் பச்சைக் களிம்பு. அலகில் அதே அகலத்துக்குப் பழுப்புப் புள்ளிகள். உறை பிவிசி என்பதுதான் காரணம். மென்மைக்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசியும். பிவிசி சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். குளோரைடு இரும்புக்கு எமன்.

சந்தேகம் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. பைல்ஸ்டைன் சோதனை என்பார்கள். திறந்தவெளியில், கடுகளவு துண்டு போதும், புகையை முகராதீர்கள்.

மாற்றுக் கொக்கிக்கு 3 மி.மீ. பித்தளைக் கம்பியும் 4.8 மி.மீ. பாலிஓலிஃபின் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் வேண்டும். முதலில் மெல்லிய செம்புக் கம்பியில் கத்தியின் வடிவத்தை அச்செடுத்து, அதைப் பார்த்துப் பித்தளையை வளைக்க வேண்டும். கத்தி மேல் வைத்தே வளைத்தால் கீறல் நிச்சயம். நுனியை அரத்தால் உருட்டி, குழாயைப் போட்டு, சூடு காட்டிச் சுருக்கி, ஆறிய பிறகே கத்தியை வையுங்கள். முக்கியமாக, நுனி 6 மி.மீ. மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். கூட வரும் எல் கொக்கியில் அந்த மடிப்பே கிடையாது. கதவை ஒருமுறை இழுத்துச் சாத்தினால் கத்தி ஒரு நூல் அளவு முன்னே நகர்கிறது. பத்து முறைக்குப் பிறகு கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது.

எடை பெரும்பாலும் பிடிப் பக்கம்தான். ஆகவே ஒரு தாங்கி, பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் காப்பை ஒட்டி, மற்றொன்று அலகின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். ஒருபக்கக் கூர் என்றால் முதுகுப்புறம் கீழே இருக்கட்டும். இருபுறமும் கூரான அலகைக் கூர்விளிம்பில் தாங்கக் கூடாது. நடுத்தண்டைப் பிடிக்கும் யு வடிவம் வேண்டும். ஜம்பியா போல வளைந்தவை இரண்டு தாங்கியில் உருளும், மூன்றாவதாக மேலிருந்து ஒரு பிடி அவசியம். கட்டாரிக்குக் கவலையே இல்லை, குறுக்குப் பிடியை இரண்டு கொக்கியில் மாட்டினால் முனை கீழாகத் தானே நேராக நிற்கும். காந்தம் வேண்டாம்: துகளை இழுக்கும், எடுக்கும்போது கூரைச் சிதைக்கும். கத்தியின் உறையையும் தனியாக வையுங்கள். தோலுறை ஈரத்தையும் பதனிட்ட அமிலத்தையும் அலகுக்கே ஊட்டும்.

தூசி புகாத பெட்டி என்று மெச்சினேனே, அதே இறுக்கத்தில் ஆவியும் உள்ளேயே சிறைப்படுகிறது. எம்டிஎஃப் ஃபார்மிக், அசெட்டிக் அமிலங்களை விடும். முதுகில் ஒட்டியிருக்கும் கம்பளி ஃபெல்ட்டில் கந்தகம் உண்டு, வெள்ளிப் பிடி கறுக்கும். ஃபெல்ட்டைக் கிழித்து, அலுமினியத் தடுப்புப்படலம் ஒட்டி, அதன் மேல் சாயம் போகாதபடி துவைத்த பருத்தித் துணி போர்த்தினால் தொல்லை தீரும்.

ஈரப்பதம் இன்னொரு வழக்கு. அலகுக்கு வறட்சி நல்லது. தந்தம், கொம்பு, மரப் பிடிகள் வறட்சியில் சுருங்கி விரிசல் விடும். சமரசம் 45 சதவீதம். கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்ற அருங்காட்சியகக் கணக்குப்படி 65 லிட்டர் பெட்டிக்கு 1.3 கிலோ வேண்டும். கூட வரும் 5 கிராம் பொட்டலங்கள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அலகுக்கு நுண்படிக மெழுகு மெல்லிய பூச்சு. பொன்னிழை வேலைப்பாட்டைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது.

கண்ணாடி மட்டும் 8 கிலோ, மொத்தம் 20ஐத் தொடும். கூடவே தரும் இரண்டு சாவித்துளைத் தகடு படச்சட்டத்துக்குத்தான் சரி. 45 பாகையில் சீவிய இரண்டு மரச்சட்டங்களில், ஒன்று சுவரில், ஒன்று பெட்டியின் முதுகில், ஒன்றையொன்று கவ்வும்படி மாட்டுங்கள். சுவர்ச் சட்டத்துக்கு நான்கு 6 மி.மீ. திருகு, 8 மி.மீ. பிளக், பூச்சைச் சேர்க்காமல் செங்கல்லுக்குள் 40 மி.மீ. ரசமட்டம் வைக்காமல் மாட்டினால் கதவு தானே திறக்கும். வெளிச்சுவர் என்றால் பின்னால் 10 மி.மீ. காற்று இடைவெளி விடுங்கள்.

கீல் கதைக்கு வருகிறேன். 16 மி.மீ. திருகுகளை எம்டிஎஃப் பலகையின் விளிம்பில் இறக்கியிருக்கிறார்கள். விளிம்பு பிடிக்காது, உதிரும். கதவு 3 மி.மீ. தொங்கி, பூட்டில் இடித்து, இழுத்துத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த உலுக்கல் நேராகக் கொக்கிக்குப் போனது. துளையை 8 மி.மீ. ஆக்கி, எபாக்சியோடு மரமுளை அடித்து, ஒரு நாள் ஆறவிட்டு, 2 மி.மீ. முன்துளை போட்டு 30 மி.மீ. திருகு. இப்போது அசையவில்லை.

ஐந்துக்கு இரண்டு. வாங்கலாமா என்றால், வாங்குங்கள். இந்த அளவுக்கு இறுக்கமான கதவு வேறு பெட்டியில் கைக்கு வரவில்லை. கொக்கிப் பொட்டலத்தை மட்டும் பிரிக்காமலே போட்டுவிடுங்கள்.