குழு வகுப்பா, தனிப் பயிற்சியா? ஒரே வீட்டில் இரண்டு அனுபவங்கள்

என் மகளுக்கு 8 வயது, அக்கா மகனுக்கு 14. நந்தனம் பக்கம் போகும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் தெரியும் கோல்ஃப் புல்வெளியைப் பார்த்துப் பார்த்து இருவருக்கும் ஆசை வந்தது. சின்னவளைக் குழு வகுப்பில் சேர்த்தோம், பெரியவனுக்குத் தனிப் பயிற்சியாளர். வளர்ந்த பையனுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அது பாதி தப்பு.

குழு வகுப்பில் முதல் மாதம் பெரிய அடி எதுவும் கிடையாது. குழியிலிருந்து இரண்டடி தள்ளிப் பந்தை வைத்து, உருட்டி உள்ளே தள்ளும் பட்டிங் மட்டும்தான். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 43கூட இல்லை. அந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் விழுந்துவிடும், குழந்தைக்கும் உற்சாகம் வந்துவிடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, பந்தைச் சற்றே தூக்கி அடிக்கும் சிப்பிங், கடைசியில்தான் மட்டையை முழுதாக வீசி அடிக்கும் முழு ஸ்விங். தோழிகளோடு போட்டி போடுவதால் அவளுக்கு அது வகுப்பாகவே தெரியவில்லை.

பெரியவன் கதை வேறு. தெரு கிரிக்கெட் ஆடிய உடம்பு. அசையாமல் கிடக்கும் பந்துக்கும் முன்காலைப் போட்டுப் பாய்வான். ஒரு மணி நேரத்தில் பயிற்சியாளர் பிடி, தோள், இடுப்பு, தலை என்று ஆறு திருத்தம் சொன்னார். கடைசியில் பந்தே மட்டையில் படவில்லை. பின்பு ஒரே ஒரு வேலை கொடுத்தார்: பாதங்களைச் சேர்த்து வைத்து அரை ஸ்விங். முன்னால் சாய்ந்தால் தடுமாறிவிடுவான், அவனே திருத்திக்கொண்டான். இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சிதான் சரி. வெறும் தொடக்கத்துக்கு அது வீண் செலவு.

ஓரளவு ஆடத் தெரிந்த பிள்ளைகளுக்கு நான் இரண்டையுமே குறைத்துவிடுவேன். பக்கெட் பக்கெட்டாகப் பந்தடித்தால் அடி நீளும், ஸ்கோர் குறையாது; கோல்ஃபில் ஸ்கோர் என்பது எத்தனை அடியில் முடித்தோம் என்ற கணக்கு, குறைந்தால்தான் நல்லது. மைதானத்தில் இறங்கி ஆட வேண்டும். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப்பை (ஆட்டம் சுமாரானால் எண் பெரிது) 2020 முதல் 54 வரை தருகிறார்கள், ஆகவே சுமாராக ஆடுபவரும் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: அப்பாவின் பழைய மட்டையை அறுத்துக் கொடுக்காதீர்கள். தண்டு விறைப்பாகிவிடும், தலை கனக்கும். உயரத்துக்கு ஏற்ற சிறுவர் செட், நாலைந்து மட்டை போதும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

மழையையும் சேர்த்துப் பாருங்கள். ஐப்பசியில் எங்கள் குழு வகுப்பு ரத்தானால் ரத்துதான். தனிப் பயிற்சியை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது.

பெரியவனைக் குழுவுக்கு மாற்றலாமென்றால் 8 வயதுப் பிள்ளைகளோடு நிற்க மாட்டேன் என்கிறான். அவன் பள்ளி நண்பனையும் சேர்த்து, இருவருக்கு ஒரு பயிற்சியாளர் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். கட்டணம் பாதியாகிவிட்டது. பட்டிங்கில் தோற்றவன் இளநீர் வாங்கித் தர வேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி.