வெயில் சரிவா, நிழல் சரிவா?

ஒரே மலை, ஒரே உயரம். ஆனாலும் வட அரைக்கோளத்தின் மிதவெப்ப மலைகளில் தெற்கு பார்த்த சரிவில் வளர்வது வேறு, வடக்கு பார்த்த சரிவில் வளர்வது வேறு.

தெற்கில் வெயில் நேராக விழுகிறது. பனி சீக்கிரம் உருகும், மண்ணும் சீக்கிரம் காயும். புல், காட்டு தைம் என்ற மணமூலிகை, இலையிலேயே நீரைச் சேர்த்துவைக்கும் சீடம் என்ற செடி எல்லாம் இந்தப் பக்கம்.

வடக்கில் ஈரம் தங்கும், இலைமட்கு சேரும், பாசியும் பெரணியும் செழிக்கும். பெரணிக்கு ஈரம் தாகத்துக்கு மட்டுமல்ல. பெரும்பாலான பெரணிகளில் ஆண் உயிரணு ஒரு மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திப் போய்த்தான் முட்டையைச் சேர முடியும். படலம் காய்ந்தால் அடுத்த தலைமுறை இல்லை. எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு!

சரி, எங்கே இனங்கள் அதிகம்? தண்ணீர் தட்டுப்பாடான அடிவாரத்தில் பெரும்பாலும் வடக்குச் சரிவில். மேலே போகப்போகக் கதை மாறும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அங்கே குளிர்தான் தடை என்பதால், வெயில் படும் தெற்கு முந்திக்கொள்ளும்.

இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு சரிவைப் பாதுகாத்து மற்றதை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியாது. அங்கே இருப்பவற்றில் பல இங்கே வளரவே வளராது.