1,430 வரிக்கு ஒரே ஃபார்முலா: லிப்ரேஆபிஸ் கால்க்

மதுரையில் பைக் உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பிரேக் ஷூ முதல் சைடு ஸ்டாண்டு வரை, 28 சதவீத ஜிஎஸ்டி இருந்த பொருட்களுக்கென்று தனித் தாள், 1,430 வரி. எல்லாம் எக்செல் மாதிரியான லிப்ரேஆபிஸ் கால்க் மென்பொருளில். இலவசம் என்பதால் முதலாளி சம்மதித்தார். எனக்குப் பிடித்துப்போனது அதில் ஃபார்முலாவைப் பரப்பும் விதம்.

டி2 கட்டத்தில் ஜிஎஸ்டிக்கான ஃபார்முலாவை எழுதினால் அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதைக் கீழே இழுத்தால், ஃபார்முலாவில் விலைக் கட்டமான சி2 என்றிருப்பது சி3, சி4 என்று தானாக மாறிக்கொண்டே போகும். இருபது வரிக்கு இது போதும். ஆயிரம் வரிக்கு இழுத்தால் மௌஸ் எங்கேயோ ஓடிவிடும். அதனால் நான் இடது மேல் மூலையில் கட்டத்தின் பெயர் காட்டும் பெட்டியில் டி2:டி1431 என்று அடித்து என்டர் தட்டுவேன். அப்புறம் கன்ட்ரோல் டி. ஒரே நொடியில் கடைசி வரி வரை நிரம்பிவிடும்.

ஜிஎஸ்டி விகிதத்தில்தான் முதலில் அடிபட்டேன். ஒரு பத்தியில் 28 என்று போட்டு இழுத்தேன்; 29, 30, 31 என்று ஏறிக்கொண்டே போனது. கால்க்கில் எண்ணை இழுத்தால் ஒவ்வொன்றாகக் கூடும், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் அதே எண் நிற்கும். அதற்குப் பிறகு விகிதத்தை ஜி1-இல் மட்டும் வைத்து, ஃபார்முலாவை =சி2*$ஜி$1/100 என்று மாற்றினேன். டாலர் குறி போட்ட கட்டம் எங்கே நகல் எடுத்தாலும் நகராது. குறியைக் கையால் அடிக்க வேண்டாம், எஃப்4 தட்டினால் வந்துவிடும்.

2025 செப்டம்பர் 22 அன்று வண்டி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 ஆனது. கடை திறக்குமுன் ஜி1-இல் 28-ஐ அழித்து 18 என்று போட்டேன். 1,430 பொருட்களின் ஜிஎஸ்டி தொகையும் மாறியது. அன்றைக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லி மாளாது. விலைப்பட்டியல் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர்கள் எல்லோரிடமும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இழுத்து நிரப்பினால் கட்டத்தின் நிறமும் சேர்ந்தே போகும். சரக்கு தீர்ந்த வரிகளுக்கு மஞ்சள் பூசி வைத்திருப்பவர்கள் இழுக்காமல், நகல் எடுத்து கன்ட்ரோல் ஷிஃப்ட் வி தட்டி, ஃபார்முலாவை மட்டும் ஒட்டுங்கள். மஞ்சள் அப்படியே இருக்கும்.