அலகு இல்லாத 1120

திருகோணமலை நகரில் தனியார் இடங்களுக்கு ஹோர்மோன் பரிசோதனைக்காகப் போகிறவர்கள், அதிலும் பெண்கள், பணம் கட்டுவதற்கு முன்னர் இதை வாசியுங்கள். இடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்; அது அதன் வழியில் போகட்டும். பெயரை எழுதினாலும் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் திறப்பார்கள்.

எனக்கு 33 வயது. ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்து பார்த்தேன், ஒரு கோடுதான் விழுந்தது. அதற்குள் மாமி எங்கேயோ சொல்லி வைத்துப் புளிமாங்காய் வருவித்திருந்தார். பிறகு ஒருநாள் குளிக்கும்போது மார்பிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. பிள்ளை பெறாதவளுக்குப் பால் கசிந்தால் நெஞ்சு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் கைத்தொலைபேசியில் தேடினேன். பால் சுரக்க வைக்கும் ஹோர்மோனான புரோலக்டினின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன்.

வைத்தியரைப் பார்க்காமல் நேரே இரத்தம் கொடுக்கப் போனது என் பிழை. ‘ஹோர்மோன் பரிசோதனை, விசேட கழிவு’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஓர் ஆய்வுகூடம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். இருந்தது ஒரு மேசை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஓர் அச்சுப்பொறி. இரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிற வெறும் சேகரிப்பு நிலையம் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

காலை ஆறரைக்கு வெறும் வயிற்றுடன் வரச் சொன்னார்கள். எழுந்த கையோடு உப்புவெளியில் பஸ்ஸுக்கு ஓடி, இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க வாங்கக் கதிரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனேயே ஓர் இளைஞர் கையில் இறப்பர்ப் பட்டியைக் கட்டினார். இடது கையில் இரண்டு குத்து, நரம்பு அகப்படவில்லை. வலது கையில் மூன்றாவது. கண்ணீர் வந்துவிட்டது. பெயர், வயது, தொலைபேசி இலக்கம் கேட்டார். கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. அவர்களுடைய சொந்தத் தலைப்புத் தாளில் அச்சடித்தது. ‘புரோலக்டின் 1120’. பக்கத்தில் ‘சாதாரண அளவு 5–25’. 1120-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

“தங்கச்சி, 200-ஐத் தாண்டினாலே தலைக்குள் கட்டி. உங்களுக்கு ஆயிரத்துக்கும் மேலே போய்விட்டது. ஒரு நாள் சுணங்கினாலும் கண் பார்வைக்கு ஆபத்து,” என்றார் மேசையில் இருந்தவர். கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுக்க அவர்களே ஒழுங்கு செய்வார்களாம். வானும் அவர்களுடையதாம். முற்பணம் 15,000 ரூபாய். கீழே இருந்த மருந்துக் கடைக்குத் தொலைபேசியில் சொல்லி, கபர்கோலின் மாத்திரை நான்கு எடுத்துத் தரச் சொன்னார். கிழமைக்கு இரண்டு தடவை அரை மாத்திரையாம். வைத்தியரின் துண்டு எதுவும் இல்லை. அதற்குத் தனியாகக் காசு.

கொடுத்தேன். கடையில் ஐம்பது ரூபாய் பிசகினாலே இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவள், அன்று கேட்டதையெல்லாம் எண்ணிக் கொடுத்தேன்.

பஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது ஒரு மான் வந்து கையிலிருந்த உறையின் மூலையைக் கடித்து இழுத்தது. எங்கள் ஊர் மான்களுக்குக் கடதாசியும் சாப்பாடுதான். மூலை கிழிந்த அந்த உறை இப்போது முறைப்பாட்டுக் கோப்பில் இருக்கிறது.

அன்று இரவு அரை மாத்திரையை விழுங்கினேன். காலையில் கட்டிலைவிட்டு எழுந்ததும் அறை சுற்றியது. கிணற்றடி வரைக்கும் சுவரைப் பிடித்துப் போய் வாந்தி எடுத்தேன். மச்சாள் கண்டுவிட்டார். முழுக் கதையையும் கேட்டவர், திட்டுவதை முடித்துவிட்டு ஒரு விசேட வைத்திய நிபுணரைச் சனல் செய்தார்.

வைத்தியர் அந்தத் தாளை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “1120 என்ன, பிள்ளை?” என்றார்.

“புரோலக்டின், டொக்டர்.”

“அது தெரிகிறது. அலகு எங்கே?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் மேசைக்கு ‘கம்பி 12’ என்று ஒரு துண்டு வந்தால் திருப்பி எறிந்துவிடுவேன். 12 மில்லிமீற்றர்க் கம்பியா, 12 நீளமா, 12 கிலோவா என்று தெரியாமல் எப்படிக் கணக்கு எழுதுவது? என் தலையைப் பற்றிய தாளில் மட்டும் அதைக் கவனிக்கவில்லை.

புரோலக்டினை இரண்டு விதமாக அளந்து எழுதுகிறார்கள். ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை நனோகிராம் என்பது ஒன்று. ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லி சர்வதேச அலகு என்பது மற்றது. முதலாவதில் 1 என்றால் இரண்டாவதில் ஏறக்குறைய 21. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு நனோகிராமில் 25 வரை சாதாரணம்; மற்ற அலகில் அதுவே 500-ஐ ஒட்டி வரும். மச்சாள் போய் அசையாமல் நின்று கொழும்பு ஆய்வுகூடத்தின் மூல அறிக்கையை வாங்கி வந்தார். அதில் 1120-க்குப் பக்கத்தில் மில்லி சர்வதேச அலகு என்று தெளிவாக இருந்தது. சாதாரண எல்லை 102 முதல் 496 வரை. அதாவது என் அளவு நனோகிராமில் 53. கூடுதல்தான், ஆனால் மேசைக்காரர் சொன்ன 200-க்குக் கிட்டவும் இல்லை. ஓர் அலகில் வந்த எண்ணை எடுத்து, மற்ற அலகின் எல்லையைப் பக்கத்தில் தட்டி, அலகையே அழித்துவிட்டிருந்தார்கள். தவறுதலா, வேண்டுமென்றா என்று கேட்பீர்கள். 15,000 ரூபாய் ரசீதை அச்சடித்தபோது ஒரு பிழையும் விடவில்லை.

அந்த 53-க்கும் காரணம் இருந்தது. “என்னென்ன மருந்து குடிக்கிறீர்?” என்று வைத்தியர் கேட்டார். வயிறு உப்புசத்துக்கு டொம்பெரிடோன் என்றேன். ஐந்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்ததை, சுகமாக இருக்கிறது என்று மூன்று மாதமாக நானே வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். வைத்தியர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பிதான் புரோலக்டினைச் சுரக்கிறது. மூளையில் உண்டாகும் டோபமைன் என்ற இரசாயனம் அதற்குக் கடிவாளம். டொம்பெரிடோன் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்திவிடும். புரோலக்டின் ஏறினால் பாலும் கசியும், மாதவிடாயும் நிற்கும். நான் பயந்த இரண்டும் மருந்துப் பெட்டிக்குள்தான் இருந்திருக்கின்றன.

வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் போன்றவையும் இதைச் செய்யும். அப்படிப்பட்ட மருந்து எடுக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் கேளுங்கள். தைரொயிட்டுக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பாலூட்டல் எதிலும் புரோலக்டின் ஏறும். தூக்கத்திலும் ஏறும், பதற்றத்திலும் ஏறும், ஊசி வலியிலும்கூடச் சற்று ஏறும். சிலருக்குப் புரோலக்டின் பெரிய மூலக்கூறாக ஒட்டிக்கொண்டு, உடலில் ஒன்றும் செய்யாமல் எண்ணை மட்டும் உயர்த்திக் காட்டுமாம். கபச்சுரப்பியில் கட்டியும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர், ரசீது எழுதுகிறவர் அல்ல.

நான் விழுங்கிய அரை மாத்திரையால் இன்னொரு தொல்லை. கபர்கோலின் புரோலக்டினை அடக்கும் மருந்து. ஒரு தடவை எடுத்தாலும் அதன் வேலை நாட்கணக்கில், சிலருக்குக் கிழமைக்கணக்கில் நீடிக்கும். உடனே திரும்பச் சோதித்திருந்தால் பொய்யான குறைந்த எண் வந்திருக்கும். டொம்பெரிடோனை நிறுத்தி நான்கு கிழமை பொறுக்கச் சொன்னார். தைரொயிட்டைச் சோதித்தார், சரியாக இருந்தது. மூன்றாம் கிழமையில் மாதவிடாய் வந்தது. சொன்ன நான்கு கிழமை முடிந்ததும் வேறோர் இடத்தில் காலை ஒன்பது மணிக்கு இரத்தம் கொடுத்தேன். எழுந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அங்கிருந்த தாதி அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்து, ஒரே குத்தில் எடுத்தார். 290 மில்லி சர்வதேச அலகு; இந்தத் தடவை அலகு அச்சில் இருந்தது. எம்.ஆர்.ஐ. தேவைப்படவில்லை.

முற்பணத்தைக் கேட்டுப் போனேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பி, ‘முற்பணம் மீளளிக்கப்பட மாட்டாது’ என்ற முத்திரையைக் காட்டினார்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றேன். தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். சுவரில் லட்சுமி படமும் நாட்காட்டியும் மட்டும் தொங்கின. சான்றிதழ் முதலாளியிடம் இருக்கிறது, முதலாளி கண்டியில் இருக்கிறார் என்றார்கள்.

தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும் நுகர்வோர் அதிகார சபைக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டு அறிக்கைகளின் பிரதிகள், ரசீது, மான் கடித்த உறை, மிச்சமிருக்கும் மூன்றரை மாத்திரையின் படம் எல்லாம் இணைத்தேன். போன கிழமை அந்தச் சேகரிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது: காசாகத் தர முடியாதாம், 15,000 ரூபாய்க்கு வீட்டில் எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்து தருவார்களாம். மாமி உடனே சேலை மாற்றப் போனார். அவரைத் தடுத்து நிறுத்துவதுதான் இந்தக் கிழமை எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.