பேக்கப் போட்டுத் தர்றேன்னு ₹46,500 வாங்கினாங்க. இப்போ 11 வருஷ வேலை காணோம்

மூணு நாளா சரியாத் தூங்கலை. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பேக்கப் வச்சிருக்கோம்னு நிம்மதியா இருக்கிறவங்க முழுசாப் படிங்க, கடைசியில என்ன பார்க்கணும்னு விவரமா எழுதுறேன்.

சிவகாசியில காலண்டர் டிசைன் பண்ற சின்ன டிடிபி கடை நம்மளது. ஆடி 18-க்கு ஆல்பம், அதாவது அடுத்த வருஷ காலண்டர் மாதிரிப் புத்தகம், வெளிவரணும், இன்னும் மூணு வாரம்கூட இல்லை. சாமி படம், குழந்தை படம், தினசரி தாளோட லேஅவுட், கடைக்காரங்க பேர் போடுற அடிப்பட்டை, எல்லாம் கோரல்ங்கிற டிசைன் சாஃப்ட்வேர்ல போட்ட ஃபைல். 11 வருஷத்துது, ஒரே சிஸ்டத்துல.

போன தையில மதுரையில ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரங்க வந்தாங்க. பேர் சொல்லலை, கேஸ் கொடுக்கிற எண்ணம் இருக்கு. நாஸ் பெட்டி ஒண்ணு (நெட்வொர்க்ல மாட்டி ஃபைல் சேர்த்து வைக்கிற பெட்டி), 4 டிபி டிஸ்க் ரெண்டு, சேர்த்து ₹40,000. செட்டிங் போட ₹6,500. மொத்தம் ₹46,500. அந்த 6,500-க்கு பில் கேட்டேன். "அது லேபர்தானே அண்ணாச்சி"ன்னான் வந்த பையன். நானும் விட்டுட்டேன்.

நான் எங்க ஏமாந்தேன்னு சொல்றேன். பெட்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு டிஸ்க்கை வெளிய உருவினான். "இப்போ ஏதாவது ஃபைலைத் திறங்க அண்ணாச்சி"ன்னான். முருகன் படம் ஒண்ணைத் திறந்தேன், அழகா வந்துச்சு. "ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பேசும். ராத்திரி 2 மணிக்கு உங்க சிஸ்டத்துல இருந்து தானா இழுத்துக்கும், நீங்க தூங்கலாம்." வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பையனுக்கு சேவும் டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதுற பெட்டி, ரெண்டுலயும் ஒரே நேரத்துல அழிக்கவும் செய்யும்னு அப்போ எனக்குத் தோணலை.

வியாழக்கிழமை சாயங்காலம் மெயின் சிஸ்டத்து ஹார்ட் டிஸ்க் டக் டக்னு சத்தம் போட்டுச்சு, அப்புறம் எழும்பவே இல்லை. நான் பதறலை, நாஸ் இருக்கே. 8 மணிக்கு இன்னொரு சிஸ்டத்துல இருந்து பார்த்தேன், எல்லா ஃபோல்டரும் இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். பையனுக்கு போன் போட்டேன். "நாஸை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணி அப்படியே விடுங்க, காலையில வர்றேன்"ன்னான். பண்ணினேன்.

காலையில ஃபோல்டர் காலி.

என் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன்தான் பெட்டிக்குள்ள போய்ப் பார்த்தான். ஆர்சிங்க்னு ஃபைல் காப்பி எடுக்கிற ஒரு கருவி, அதை ராத்திரி ஓட்ட ஒரே ஒரு வரி. அந்த வரியில 'டெலீட்'னு ஒரு சொல். மூலத்துல இல்லாதது எதுவா இருந்தாலும் பேக்கப்லயும் அழிச்சிடுன்னு அர்த்தமாம். செத்த சிஸ்டத்தோட ஷேர், அதான் நெட்வொர்க்ல பகிர்ந்து வச்ச ஃபோல்டர், ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் பெட்டியில மவுன்ட் ஆகலை, அதாவது இணையலை. அது மவுன்ட் ஆகவேண்டிய இடத்துல வெறும் காலி ஃபோல்டர். 2 மணிக்கு ஆர்சிங்க் வந்து பார்த்திருக்கு, மூலம் காலி. இங்கயும் காலி பண்ணிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணாம இருந்திருந்தா படிக்க முடியலைன்னு பிழை வந்து, அழிக்கிறதை அதுவே நிறுத்தியிருக்கும்னு அக்கா மகன் சொல்றான். அதைக் கேட்டதுல இருந்துதான் வயிறு எரியுது.

என்ன நடந்துச்சுன்னு பெட்டி எழுதி வைக்கிற லாக் எங்கன்னு தேடினா, அதையும் எங்கயும் எழுதாதபடி அந்த சர்வீஸ் பையன் திருப்பி விட்டிருக்கான். பெட்டியிலயே ஸ்னாப்ஷாட் வசதி இருக்கு, அந்தந்த நேரத்து நிலைமையை அப்படியே பிடிச்சு வைக்கிறது. அதைப் போட்டிருந்தா முந்தின நாள் நிலைமைக்குப் போயிருக்கலாம். போடலை.

கடைக்கு போன் போட்டா பையன் சொன்னதைக் கேளுங்க: "பேக்கப் கரெக்டாத்தான் வேலை செஞ்சிருக்கு அண்ணாச்சி. உங்க சிஸ்டத்துல இருக்கிறதைத்தான் அது எடுக்கும், சிஸ்டத்துல ஒண்ணும் இல்லையே." காலையில வர்றேன்னவன் வரவே இல்லை. மத்தியானம் "ஓனர் வெளியூர்". சாயங்காலம் "ஏஎம்சி (வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருந்தா வந்து பார்ப்போம்". மறுநாள் ஓனரே எடுத்தார்: "ஹார்ட் டிஸ்க் போனதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" தையில அண்ணாச்சி, ஆனியில சார். ₹46,500-ல ஒரு ரூபாகூடத் திரும்பாதாம். வேணும்னா டேட்டா ரெக்கவரிக்கு ஆள் சொல்றாராம், அதுக்குத் தனிக் காசு.

1915-க்கு, அதான் நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, புகார் சொல்லியாச்சு. லேபருக்கு பில் இல்லாததுதான் இப்போ இடிக்குது.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், கை ஓடலை. 'டெலீட்' இருக்கான்னு கேளுங்க. இருந்தா, அழிச்சதைத் தனி ஃபோல்டர்ல ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க, ஒரே ராத்திரியில இவ்வளவுக்கு மேல அழிக்கக் கூடாதுன்னு எண்ணிக்கை வரம்பும் போடச் சொல்லுங்க, ரெண்டுக்கும் ஆர்சிங்க்லயே வழி இருக்கு. ஒயரோட ஒட்டாத டிஸ்க் ஒண்ணு வீட்டு பீரோவுல இருக்கட்டும். சிஸ்டம் செத்தா முதல்ல நாஸோட நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குங்க, ராத்திரி வேலையை நிறுத்துங்க, அப்புறம் போன் போடுங்க. யார் சொன்னாலும் ரீஸ்டார்ட் வேண்டாம். லேபருக்கும் பில் வாங்குங்க.

என்கிட்ட டிசைன் வாங்கி அடிச்ச பிரஸ்காரங்க யாராவது இதைப் பார்த்தா, பழைய மெயில்ல என் பிடிஎஃப் கிடக்கான்னு கொஞ்சம் தேடிப் பாருங்கண்ணே. தாயில்பட்டி பிரஸ்ல இருந்து நேத்து 14 படம் வந்துச்சு. அந்த முருகன் இன்னும் வரலை.